கடைசி ஒன்றரைக் கிலோ

விழிப்பதற்குச் சற்று முன்னால் லோகேஸ்வரிக்கு உடம்பே இருப்பதில்லை. சில மாதங்களாக அவளுக்கு அப்படித்தான் விடிகிறது. கனவு கலைவதற்கும் கண் திறப்பதற்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் அவள் பதினோராவது மாடிச் சன்னலுக்கு வெளியே நிற்கும் பனிமூட்டத்தைப் போல எடையில்லாமல் கிடப்பாள். கை எங்கே, கால் எங்கே என்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றாது. பிறகு கீழே சுங்கை பினாங் சாலையில் முதல் மோட்டார் சைக்கிள் உறுமும். உடனே இடுப்பு வந்து சேரும். தொடைகள் வந்து சேரும். வலது முழங்கால் தன் வலியையும் கூட்டிக்கொண்டு வந்து சேரும். எல்லாம் வந்தானதும் எழுந்து கழிவறைக்குப் போய்விட்டு, கட்டிலுக்கு அடியில் கிடக்கும் கண்ணாடி எடைப் பலகையை இழுத்து அதன் மேல் ஏறி நிற்பாள்.

எழுபத்து மூன்று புள்ளி நான்கு.

நேற்று எழுபத்து மூன்று புள்ளி ஒன்று. முந்தாநாள் புள்ளி எட்டு. ஆறு வாரங்களாக அந்த எண் இப்படித்தான் இருந்த இடத்திலேயே புரண்டு புரண்டு படுக்கிறது.

வாசல் மணி அடித்தது. ரமணி. தம்பி குணாளனின் மனைவி. இரண்டு மாடி கீழே அவர்கள் வீடு. கையில் மூன்றடுக்குத் தூக்குச் சட்டி, தலையில் ஈரத் துண்டு.

"தீம்பாங் போட்டாச்சாக்கா?"

"ஏறி எறங்கியாச்சு."

"எவ்ளோ?"

"எழுபத்து மூணு நாலு."

"நேத்து ஒண்ணுதானே இருந்துச்சு? அப்பறம் எப்படிக்கா முந்நூறு கிராம் கூடும்? நேத்து நான் குடுத்தது பீன்ஸ், முட்டை வெள்ளை, ஒரு கையளவு சோறு. காத்தையா சாப்பிட்டீங்க?"

ரமணி சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் சிரிப்பு கண் வரைக்கும் ஏறவில்லை. நாலரை மணிக்கு எழுந்து, கணவனுக்கு உப்பில்லாமல் ஒன்று, நாத்தனாருக்கு எண்ணெயில்லாமல் ஒன்று, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளுக்கு எல்லாம் போட்டு ஒன்று என்று மூன்று சமையல் செய்கிறவள். அவளுக்குச் சிரிப்பு மிச்சம் இருப்பதே பெரிது.

"முழுசாச் சாப்பிட்டுருங்கக்கா. இது உங்களுக்குன்னு நெனைக்காதீங்க. உள்ள இருக்கே, அதுக்கு."

உள்ளே இருப்பது சிறுநீரகம். குணாளனுடையது இரண்டும் இரண்டு வருடங்களுக்கு முன்பு நின்றுபோயின. அக்காளுடையது தம்பிக்குப் பொருந்தும் என்று சோதனைகள் சொல்லிவிட்டன. ரத்த வகை சரி, திசு சரி, இதயம் சரி, சர்க்கரை இல்லை. எடை மட்டும்தான் இடித்தது. ஐந்தடி ஒரு அங்குல உயரத்துக்கு எண்பத்து நான்கு கிலோ என்றால் கொடுக்கிறவருக்கே ஆபத்து, எழுபத்திரண்டுக்குக் கீழே வாருங்கள், பிறகு பேசலாம் என்றார் டாக்டர். அன்று லோகேஸ்வரி, "வந்துடறேன் டாக்டர்" என்று கடைக்குப் போய்விட்டு வருகிறவளைப் போலச் சொன்னாள்.

முதல் ஐந்து கிலோவை யாரோ கழற்றி எடுத்துக்கொண்டு போனதைப் போல இருந்தது. காலையில் தே ஓ கோசோங், பாலும் சீனியும் இல்லாத கட்டைத் தேநீர். இரவில் சோறு இல்லை. தொழிற்சாலையில் லிஃப்டுக்குப் பதில் படி. அடுத்த ஐந்து கொஞ்சம் முனகிக்கொண்டே போனது. எழுபத்து மூன்றரைக்கு வந்தபோது, படகுத்துறை தெரியத் தெரியப் படகு வேகத்தைக் குறைத்துக்கொள்வதைப் போல எல்லாம் மெதுவாகி, பிறகு நின்றேவிட்டது. துறை எதிரிலேயே தெரிகிறது. ஆட்களின் முகம்கூடத் தெரிகிறது. படகு மட்டும் நகரவில்லை.

ரமணி போன பிறகு அவள் சட்டியைத் திறந்து பார்த்தாள். வேகவைத்த பூசணி. தனக்குள் யாரோ ஒருவர் வாடகைக்கு இருக்கிறார், அவருக்குத்தான் சாப்பாடு வருகிறது என்று தோன்றியது. தான் வீடு மட்டும். வீட்டைச் சின்னதாக்கச் சொல்கிறார்கள். எண்ணம் வந்த வேகத்திலேயே வெட்கமும் வந்தது. பூசணியை அவசரமாகத் தின்றாள்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் அவளுக்கு நுண்ணோக்கியில் பார்க்கிற வேலை. இருபத்திரண்டு வருடங்களாக ஒரு வட்ட வெளிச்சத்துக்குள் குனிந்து, தலைமுடியை விட மெல்லிய தங்கக் கம்பிகள் ஒழுங்காக ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்கிறாள். பழுதை அவள் தேடுவதில்லை. பார்த்துக்கொண்டே இருப்பாள், பழுது தானாக வந்து கண்ணில் விழும். அந்த வட்டத்துக்குள் நேரம் என்ற ஒன்று கிடையாது. வெளியே வந்து பார்த்தால் நான்கு மணிநேரம் கழிந்திருக்கும்.

திரும்பும்போது கம்பெனி பஸ்ஸின் சன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போவாள். அப்போதெல்லாம் ஒரே கனவு. வற்றிய கடல். கணுக்கால் அளவுத் தண்ணீரில் அவள் நிற்கிறாள். காலடியில் மணலுக்குப் பதில் கண்ணாடி. கண்ணாடிக்குள் ஓர் எண். குனிந்து படிக்கப் போகும்போது ஒரு சிற்றலை வந்து எண்ணைக் கலைத்துவிடும். அலை ஒதுங்கியதும் வேறு எண். அவளுக்குக் கோபமே வராது. அடுத்த அலை, அடுத்த எண். அது எந்த எண்ணிலும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் நன்றாயிருக்கும் போலிருக்கும். விழித்ததும் அந்தச் சுகத்தை நினைத்தால் ஏனோ திருடியதைப் போல் இருக்கும்.

ஒருமுறை, ஒரு சனிக்கிழமை காலை, எண் எழுபத்திரண்டு புள்ளி ஐந்து என்று இறங்கியது. ரமணி லிஃப்ட் வாசலில் நின்று கைதட்டினாள். அன்று மதியம் துணி தைக்கக் கொடுக்கப் போன லோகேஸ்வரி, பினாங் ரோட்டில் செண்டோல் கடை வரிசையில் தான் நிற்பதைக் கண்டாள். தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் பச்சை இழைகளும் ஐஸோடு உருகி வழிய, கிண்ணத்தைக் கையில் ஏந்தி நின்றபடியே குடித்தாள். வெயில் அதிகம், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் எண் எழுபத்து மூன்று புள்ளி மூன்று.

மருத்துவமனையில் அடுத்த தேதி ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாள் கிருத்திகை. காலண்டரில் அதைப் பார்த்ததும் அவளுக்கு வழி கிடைத்துவிட்டது.

"நாளைக்கு நான் விரதம் ரமணி. சாப்பாடு வேணாம்."

"நல்லதுக்கா. முருகனுக்கும் ஆச்சு, மெஷினுக்கும் ஆச்சு" என்றாள் ரமணி. விளையாட்டாகத்தான் சொன்னாள். லோகேஸ்வரிக்கு முகம் சுட்டது.

ஞாயிறு விடியலிலிருந்து அவள் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. மோட்டார் சைக்கிள்காரர்கள் போடும் மழைக்கோட்டை உள்ளே போட்டு, மேலே தளர்ந்த மஞ்சள் ஜிப்பாவைப் போட்டு மறைத்துக்கொண்டு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனாள். ஐந்நூற்றுச் சொச்சம் படிகள். ஏற ஏற மழைக்கோட்டுக்குள் வேர்வை ஓடையாக ஓடி இடுப்பில் தேங்கியது. முருகா என்று ஒரு படி, எழுபத்திரண்டு என்று ஒரு படி. பாதி மலையில் இரண்டு பெயரும் கலந்து எது யாரைக் கூப்பிடுகிறது என்று தெரியாமல் போனது.

படித் திருப்பத்தில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார் தொண்டர் ஒருவர். சிவநேசன் என்று சட்டையில் அட்டை தொங்கியது.

"மோர் குடிங்கம்மா. மொகம் வெளுத்துப்போச்சு."

"வெரதம் அண்ணே."

"அட, வெரதம்னா சோறுதாம்மா வேணாம். தண்ணி குடிச்சா கணக்குல சேராதுலா. முருகன் என்ன போலீஸ்காரரா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் தலையை அசைத்துவிட்டு நடந்தாள். மேலே போய்த் திரும்பிப் பார்த்தபோது ஊர் மிதந்துகொண்டிருந்தது. அடுக்குமாடிகளும் கூரைகளும் கடலும் பாலமும் தரையில் ஊன்றாமல் வெள்ளை வெயிலில் கொஞ்சம் தூக்கலாக நின்றன. தானும் அப்படித்தான் நிற்கிறோம் என்று தோன்றியது. காதுக்குள் மெல்லிய மணிச் சத்தம். இனிமையாக இருந்தது. சந்நிதியில் கும்பிட்டபோது என்ன கேட்பது என்று வரவில்லை. தம்பி நல்லாயிருக்கணும் என்று வாய் சொன்னது. மனம் எதுவும் சொல்லாமல் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தது.

மறுநாள் மருத்துவமனை மெஷினில் எழுபத்தொன்று புள்ளி எட்டு.

ரமணி நடைபாதையிலேயே அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். குணாளன் நாற்காலியில் உட்கார்ந்தபடி, "பரவால்லயே" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவரில் இருந்த ஏதோ அறிவிப்பைப் படிக்கத் தொடங்கினான். ரத்தம் எடுத்தார்கள். வெளியே வந்ததும் லோகேஸ்வரி ஒன்றரை லிட்டர் தண்ணீரை நின்ற நிலையில் குடித்தாள். சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு பலகையில் ஏறினாள். எழுபத்து மூன்று புள்ளி ஆறு. அந்த எண்ணை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை தொலைபேசி வந்தது. ஆசியா பீவி பேசினார். கொடுக்கிறவர்களைக் கவனித்துக்கொள்கிற தாதி அவர்.

"நாளைக்கு வர முடியுமாக்கா? தனியா வாங்க."

அந்த அறை சின்னது. மேசை மேல் சிறுநீரகத்தின் பிளாஸ்டிக் மாதிரி ஒன்று காகிதங்களின் மேல் பாரமாக உட்கார்ந்திருந்தது. ஆசியா பீவிக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். சந்தன நிற முக்காடு. எதையும் அவசரப்படுத்தாத குரல்.

"ஞாயித்துக்கெழம என்ன சாப்பிட்டீங்க?"

"வெரதம் மிஸ்ஸி."

"சரி. தண்ணி?"

லோகேஸ்வரி பிளாஸ்டிக் மாதிரியைப் பார்த்தாள்.

"ஒண்ணுமே குடிக்கலையா?"

"இல்ல."

ஆசியா பீவி பெருமூச்சு விட்டார். "உங்க கிரியாட்டினின் ஏறியிருக்கு. சிறுநீரகம் சரியா வேலை செய்யலைன்னு காட்டுது. டாக்டர் பேப்பரைப் பார்த்துட்டு, இவங்க எப்படிக் குடுக்க முடியும்னு கேட்டார். நாங்க எதைப் பார்க்கணுமோ அதையே காயப்போட்டுட்டு வந்து நிக்கிறீங்களேக்கா. நாங்களும் ரமலான்ல பகல் பூரா தண்ணி குடிக்க மாட்டோம். ஆனா மழைக்கோட் போட்டுக்கிட்டு மலை ஏற மாட்டோம்."

"மழைக்கோட் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கழுத்துல வேர்க்குரு. கிருத்திகை வெரதம்னா தண்ணீர்மலைதானே. இப்படி எத்தனை பேரைப் பார்த்திருப்பேன்!"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவர் விளக்கினார். கிட்ட வர வர அப்படித்தான். பத்து கிலோ போன உடம்புக்கு முன்பைப் போல நிறையத் தேவையில்லை, குறைவாகவே செலவழிக்கும். அதனால் இறக்கம் மெதுவாகும். நின்றுகூடப் போகும். உப்பு கூடினால் தண்ணீர் பிடிக்கும், தூக்கம் கெட்டால் பிடிக்கும், மாதவிலக்கு நிற்கிற வயதில் காரணமே இல்லாமல் பிடிக்கும். ஒரு நாளில் ஒரு கிலோ ஏறி இறங்குவது கொழுப்பல்ல, தண்ணீரின் விளையாட்டு. "தெனம் பார்க்காதீங்க. மாசத்தைப் பாருங்க. நான் பார்த்த வரைக்கும், எடை நின்னதுக்கு நீங்க ஒரு தப்பும் செய்யல."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டு லோகேஸ்வரிக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஆசியா பீவி எழுந்து கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னொண்ணு. இதை எல்லார்கிட்டயும் சொல்வோம், உங்களைச் சந்தேகப்பட்டுச் சொல்லல. உங்களுக்கு வேணாம்னு தோணினா வேணாம்னு சொல்லலாம். நாங்க 'பொருந்தல'ன்னு மட்டும் எழுதுவோம். ஏன்னு தம்பிக்கும் சொல்ல மாட்டோம், தம்பி பொஞ்சாதிக்கும் சொல்ல மாட்டோம். யாருக்கும் தெரியாது."

"யாராச்சும் அப்படிச் சொல்லியிருக்காங்களா?"

"அதையும் சொல்ல மாட்டோம்" என்று ஆசியா பீவி புன்னகைத்தார். "நாலு வாரம் கழிச்சு வாங்க. தண்ணி குடிச்சுட்டு வாங்க."

வெளியே வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை. கால் போன போக்கில் பஸ் ஏறி, இறங்கி, படகுத்துறைக்கு வந்து, அக்கரைக்குப் போகும் படகில் உட்கார்ந்தாள். அக்கரையில் அவளுக்கு வேலை ஒன்றும் இல்லை. இறங்கி, அடுத்த படகில் திரும்ப ஏறினாள். நடுமதியக் கடல் ஈயத்தை உருக்கி ஊற்றியதைப் போல அசையாமல் கிடந்தது. எதிர் இருக்கையில் ஒரு சீனக் கிழவர் வாயைத் திறந்து தூங்கினார். இயந்திரத்தின் அதிர்வு பாதம் வழியே ஏறி அவளையும் இழுத்துக்கொண்டு போனது.

யாருக்கும் தெரியாது.

கண்ணை மூடினால் அந்தச் சொற்கள் ஒரு கதவாக நின்றன. கதவு பாதி திறந்திருக்கிறது. உள்ளே பாய் விரித்த ஓர் அறை, மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த அறை அவளுக்குப் புதிதாக இல்லை. இங்கே முன்பே வந்திருக்கிறேனே என்று தூக்கத்துக்குள்ளேயே யோசித்தாள். எப்போது வந்தேன்?

அப்போதுதான், தொழிற்சாலையில் வட்ட வெளிச்சத்துக்குள் பழுது வந்து விழுவதைப் போல, அது வந்து விழுந்தது. எழுபத்திரண்டரையைத் தொட்ட அந்தச் சனிக்கிழமை. அதற்கு முன் எழுபத்திரண்டு புள்ளி ஆறு வந்த செவ்வாய். அதற்கும் முன் தீபாவளி கழிந்த ஒரு வியாழன். எண் இறங்கிய ஒவ்வொரு நாளும், அன்றே கால்கள் அவளைக் கேட்காமல் பினாங் ரோட்டுக்குப் போயிருக்கின்றன. ஏறிய நாட்களில் ஒருமுறைகூடப் போகவில்லை. வெயில் எல்லா நாளும்தான் அடித்தது.

ஒரு தப்பும் செய்யவில்லை என்று ஆசியா பீவி சொன்னார். உடம்பின் குணமும் உண்மைதான். அவர் பொய் சொல்கிறவரல்ல. ஆனால் நின்றுபோன எண்ணின் நிழலில் தான் போய்ப் படுத்துக்கொண்டதும் உண்மை. 'நான் வரேன்னுதான் சொல்றேன், எடைதான் விடமாட்டேங்குது.' ஆறு வாரம் அவள் அந்தப் பாயில்தான் சுகமாகப் படுத்திருந்தாள். தான் பயந்துபோயிருக்கிறோம் என்ற செய்தி எல்லாருக்கும் கடைசியாக அவளுக்கு வந்து சேர்ந்தது.

படகு கரையை இடித்தது. கிழவர் விழித்து அவளைப் பார்த்து, "சம்பாய் சுடா" என்றார், வந்துவிட்டது என்று.

குணாளனுக்குச் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ரத்தச் சுத்திகரிப்பு. டவுனில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் அந்த நிலையம். அவள் போனபோது சாய்வு நாற்காலியில் இடது கையை நீட்டிப் படுத்திருந்தான். கையிலிருந்து இரண்டு குழாய்கள் மெஷினுக்குப் போய் வந்தன. அவனும் ஒவ்வொரு முறையும் எடை பார்த்துத்தான் உட்காருவான், எடை பார்த்துத்தான் எழுவான். சிறுநீர் பிரியாததால் இடையில் உடம்பில் சேர்ந்த தண்ணீரை மெஷின் உறிஞ்சி எடுத்துவிடும்.

"என்னாக்கா, வேலைக்குப் போகல?"

"லீவு. உனக்கு இன்னிக்கு எவ்ளோ?"

"ரெண்டு நாலு ஏறிப்போச்சு. மிஸ்ஸி ஒரே திட்டு. நேத்து கெரேத்தா ஓட்டும்போது வெயில் தாங்காம ரெண்டு ஐஸ் கட்டிய வாயில போட்டேன், அதுக்குப் போய்." அவன் சிரித்தான். "ஆனா பாரு, நான் நாலு மணி நேரத்துல ரெண்டரைக் கிலோ கொறைச்சுட்டு ஜாலியா எறங்கிப் போவேன். நீ எட்டு மாசமா மல்லுக்கட்டுறே. உனக்கும் பக்கத்துல ஒரு மெஷின் போடச் சொல்லவா?"

அவளுக்குச் சிரிக்க வரவில்லை. முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள். சொல்ல வந்ததை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நடுவிலிருந்து தொடங்கினாள்.

"குணா, நான் செண்டோல் குடிக்கிறேன்டா."

"என்னது?"

"எடை எறங்குற அன்னிக்கெல்லாம் போய்க் குடிச்சிருக்கேன். ரமணிக்குத் தெரியாது. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

அவன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். அவள் தண்ணீர் குடிக்காமல் மலை ஏறியதைச் சொன்னாள். ரத்தச் சோதனையைச் சொன்னாள். ஆசியா பீவி காட்டிய கதவை மட்டும் சொல்லாமல் வைத்துக்கொண்டாள்.

"பயமாக்கா?"

"பயந்தான்."

"செத்துருவோம்னா?"

"அப்படின்னு இல்லடா." அவள் தன் கைகளைப் பார்த்தாள். "காலையில முழிக்கும்போது உடம்பு ஒண்ணொண்ணா வந்து சேரும் பாரு. மயக்க ஊசி போட்டுப் படுத்துட்டா அப்படி வந்து சேருமான்னு. வந்தாலும் வேற யாரோடதோ மாதிரி இருக்குமோன்னு."

குணாளன் பார்வையைக் கூரைக்கு மாற்றிக்கொண்டான். பிறகு, "நீ எழுபத்து மூணுலயே நின்ன ஆறு வாரமும் நான் நிம்மதியாத் தூங்கினேன், தெரியுமா?" என்றான்.

"ஏன்டா?"

"உன் வயித்தைக் கீறி வாங்கி வெச்சுக்கிட்டு, அப்பறம் உன்கூட எப்படிச் சண்டை போடுறது? நான் வாயைத் தொறந்தாலே ரமணி, அக்கா கிட்னி அக்கா கிட்னின்னு அடைச்சுருவாலா. சாகுற வரைக்கும் நீ சொல்றதுக்கெல்லாம் தலையாட்டணும். அதை நெனைச்சாலே..."

"இப்ப மட்டும் என்ன, நான் சொன்னதையா கேக்குறே?"

"அதான் சொல்றேன். அந்தச் சொகம் போயிரும்ல."

இருவரும் சிரித்த சிரிப்பில் அடுத்த நாற்காலிக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவளுக்குச் சிரித்துச் சிரித்துத் தொண்டை காய்ந்துபோனது. காலையிலிருந்து எதுவும் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பைக்குள் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. கை உள்ளே போய், அவன் எதிரில் எப்படி என்று தயங்கி, வெளியே வந்தது.

"குடி" என்றான் குணாளன்.

"பரவால்ல."

"குடிக்கா. என் முன்னாலயே குடி. சத்தம் வர்ற மாதிரி குடி."

அவள் மூடியைத் திறந்து குடித்தாள். முதலில் கூச்சத்தோடு, பிறகு தாகம் தாங்காமல் அண்ணாந்து மடமடவென்று. பாதி குடித்த பின் கண்ணைத் தாழ்த்தியபோது அவன் அவளுடைய தொண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். முகத்தில் பொறாமை இல்லை, வருத்தம்கூட இல்லை. பால்குடி மறந்த பிள்ளை, இன்னொரு பிள்ளை பால் குடிப்பதைப் பார்ப்பதைப் போல ஒரு பார்வை. அவன் வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் ஒவ்வொரு மடக்கு விழுங்கும்போதும் அவன் தொண்டையும் சேர்ந்து ஏறி இறங்கியது. இரண்டு வருடங்களாக இவன் ஒரு குவளைத் தண்ணீரை முழுசாகக் குடித்ததில்லை. அது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். அவனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை மில்லி என்றுகூடத் தெரியும். ஆனால் தெரிந்தது வேறு, இது வேறு.

"ஜில்லுனு இருந்துச்சா?" என்றான்.

"கொஞ்சம் சூடாயிருச்சு. பையில இருந்துச்சுல."

"ம். சூடான தண்ணியும் நல்லாத்தான் இருக்கும்."

பிறகு அவன், "வேணாம்னா வேணாம்க்கா. ரமணிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றான். அவள் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டே, "நீ யார்கிட்டயும் பேச வேணாம், கம்முனு படு" என்றாள்.

அன்று சாயங்காலம் அவள் ரமணியிடம், இனிமேல் காலையில் எண் கேட்க வேண்டாம் என்று சொன்னாள். ரமணிக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. இரண்டு நாள் தூக்குச் சட்டி அவளுக்குப் பதில் பெரிய பிள்ளையின் கையில் வந்தது. மூன்றாம் நாள் அவளே வந்து, "நான் பயத்துலதாங்க்கா தெனம் கேட்டேன்" என்றாள். லோகேஸ்வரி, "எனக்கும் அதேதான்" என்றாள். ரமணிக்கு அது முழுதாகப் புரிந்ததா என்று தெரியவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து தே ஓ குடித்துவிட்டுப் போனாள்.

பயம் எங்கும் போகவில்லை. காலையில் விழிக்கும்போது உடம்பு வந்து சேர்கிற வரிசையில் அதுவும் ஒன்றாக வந்து சேர்ந்தது, இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவே. வந்துவிட்டாயா என்று கேட்டுக்கொண்டு எழுந்தாள். நடந்தாள். தண்ணீர் குடித்தாள். கால்கள் ஒருமுறை பினாங் ரோட்டுப் பக்கம் திரும்பின. எதற்கு என்று நின்று கேட்டாள். பதில் வரும்வரை வெயிலில் நின்றுவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்குப் போனாள்.

நான்கு வாரம் கழித்து மருத்துவமனை மெஷினில் எழுபத்திரண்டு புள்ளி மூன்று. டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு காகிதங்களைப் பார்த்தார். ரத்தம் சுத்தமாக வந்திருந்தது. மாதக் கணக்கில் கோடு கீழேதான் போகிறது, அறுவைச் சிகிச்சைக்கு நாள் கிடைப்பதற்குள் இந்த முந்நூறு கிராமும் போய்விடும், போகாவிட்டாலும் இதற்காக நான் நிறுத்தமாட்டேன் என்றார். அவர் போன பின் ஆசியா பீவி படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"யாராச்சும் கட்டாயப்படுத்தினாங்களாக்கா?"

"இல்ல."

"போன தடவை நான் சொன்னது?"

"ஞாபகம் இருக்கு. பொருந்துதுன்னே எழுதுங்க."

"பயமா இருக்கா?"

"இருக்கு மிஸ்ஸி. அதுக்கும் ஒரு கட்டம் இருந்தா அதையும் எழுதிக்குங்க."

"கட்டம் இல்ல" என்று ஆசியா பீவி பேனாவை நீட்டினார். "இருந்தா எல்லாரும் அதுலதான் நிறைய எழுதுவாங்க."

லோகேஸ்வரி கையெழுத்துப் போட்டாள். எழுந்திருக்கும்போது ஒன்று கேட்கத் தோன்றியது.

"எந்தப் பக்கத்துல எடுப்பாங்க?"

"அனேகமா எடது பக்கம்."

"அது எவ்ளோ எடை இருக்கும்?"

ஆசியா பீவி யோசித்தார். "நூத்தி முப்பது, நூத்தம்பது கிராம் இருக்கும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

தான் ஒரு காலையிலிருந்து மறு காலைக்குள் அதைப் போல இரண்டு மடங்கு ஏறி இறங்கியிருக்கிறோமே என்று நினைத்தாள். நடைபாதையின் கோடியில் குணாளனும் ரமணியும் எழுந்து நின்றார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் கிடைத்த அந்தச் சின்ன நேரத்தில் லோகேஸ்வரி இடது விலாவுக்குக் கீழே, சட்டைக்கு மேலாக, கையை வைத்தாள். எட்டு மாதங்களாக எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கிள்ளிப் பார்த்த இடம். இன்று கிள்ளவில்லை. வெளியூர் கிளம்பும் பிள்ளையின் முதுகில் வைப்பதைப் போல வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளங்கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது.